மசாலா தடவின அயிலையும் கண்ணில்லாத எறாவும்

கொஞ்சம் நகந்துக்கிடுங்க அண்ணாச்சி. ஆங், போதும் போதும். நமக்குப் பாதி எடம் போதும், வாய்க்குத்தான் முழு எடம் வேணும். ஒரு காரியம் கேக்கணும், தப்பா எடுக்காதிய. உங்க போன்ல சார்ஜ் இருக்கா? ஒரே ஒரு கால். இப்ப வேண்டாம், பஸ்ஸு தூத்துக்குடிய நெருங்கட்டும், பழையகாயல் தாண்டட்டும். அதுக்குள்ள கதையக் கேட்டுக்கிடுங்க. ஏன்னா நான் போன்ல பேசப்போறது என் கொரல்ல இல்ல, ஒரு பொம்பளை கொரல்ல. கதை தெரியாமக் கேட்டியன்னா பக்கத்துல பைத்தியம் உக்காந்திருக்குன்னு ஆறுமுகநேரியிலயே எறங்கிருவிய.

என்ட்ட போன் இல்லாமலா? இந்தா இருக்கே. பாருங்க, சொல்லி வாய் மூடல, அடிக்கி. ‘தஸ்நேவிஸ்’னு வருதா? அவன்தான். காலையிலருந்து அடிக்கான். எடுக்க மாட்டேன். நேத்தும் எடுக்கல. துரோகிப் பய. அடிச்சு அடிச்சு விரலு தேயட்டும்.

நம்ம பேரு கொஸ்மாஸ். ஊரு மணப்பாடு. வேல கப்பல்ல சமையல். படிப்பு பெருசா கெடையாது, வாய்தான் எனக்குப் படிப்பு. எவன் பேசுனாலும் ஒரு தடவ கேட்டாப் போதும், அப்படியே வந்துரும். அந்தா கண்டக்டர் நிக்காருல்லா, கேளுங்க: “எறங்குறவுக எல்லாம் முன்னால வாங்க, ஏறுனவுக எல்லாம் உள்ள போங்க, வாசப்படி என்ன உங்க மாமியார் வீடா?” ஹஹ்ஹா! திரும்பிப் பாக்காரு பாருங்க! தான் எப்பப் பேசுனோம்னு யோசிக்காரு. இதுதான் அண்ணாச்சி நம்ம தொழில். சமையலு சம்பளத்துக்கு.

இந்த தஸ்நேவிஸ் எங்க தெருக்காரன். ஒண்ணா ஓடிப்பிடிச்சு வெளையாடுனவன். பள்ளிக்கூடத்துல நான் கணக்கு வாத்தியார் மாதிரிப் பேசுவேன், அவன் சிரிப்பான், அடி அவனுக்கு விழும். “யாருல பேசுனது?”ன்னு வாத்தியார் கேப்பாரு. “நான்தான் சார்”ம்பான். மடப்பய, சிரிப்ப அடக்கத் தெரியாது, பொய்யும் சொல்லத் தெரியாது. அவனுக்குப் பொய் சொல்ல எப்பத் தெரிஞ்சுதுன்னுதான் கதையே.

அவன் கப்பல்ல வின்ச்சு ஓட்டுறவன். வின்ச்சுன்னா கம்பிக்கயித்த ஏத்தி எறக்குற மிஷினு. ஆராய்ச்சிக் கப்பலு. அவன்தான் என்னையும் அங்க சேத்து விட்டான். சொல்லணும்லா, நன்றி மறக்கக்கூடாது. ஆனா அவனுக்கு ஒரு லாபம் இல்லாமலா சேத்தான்? நான் இல்லன்னா அந்தக் கப்பல்ல அவனச் சிரிக்க வைக்க ஆளு ஏது?

போன தடவ கொச்சியில ஏறித் தெக்க போனோம். தெக்கன்னா உங்க வீட்டுத் தெக்கு இல்ல. மாலத்தீவு தாண்டி, இனிமே கரைன்னு ஒண்ணு இருக்கான்னு சந்தேகம் வார அளவுக்குத் தெக்க. அங்கன கப்பல நிப்பாட்டிட்டு, கேமராவக் கயித்துல கட்டிக் கீழ விடுவாவ. ரெண்டு மலைய ஒண்ணுமேல ஒண்ணு வச்சாலும் முங்கிப்போற ஆழம். படம் மேல ஸ்கிரீன்ல தெரியும். கீழ என்ன இருக்குன்னு நெனக்கிய?

அடுப்பு அண்ணாச்சி. கடலுக்கடியில அடுப்பு.

பொய் சொல்லல. மாதா சத்தியம். பாறைக்கு நடுவுல புகைக்கூண்டு மாதிரி நட்டமா நிக்கி. அதுக்க வாயிலருந்து கருகருன்னு புகை கெளம்புது. புகை இல்லையாம், தண்ணியாம். ஈயம் உருகுற சூடாம். ஆனா கொதிக்காதாம், மேல நிக்கித தண்ணியோட பாரம் அமுக்கி வச்சிருக்காம். ஒரு முழம் தள்ளிக் கைய வச்சா ஐஸ் தண்ணி. சூரியன் வெளிச்சம் ஒரு பொட்டு கெடையாது. அந்த அடுப்பச் சுத்தி எறா. பத்து இருவதா? கருப்பட்டியில ஈ அப்புன மாதிரி அப்பிக்கிட்டு நிக்கி. பாறையே தெரியல. நான் டீத் தட்டோட நின்னவன் நின்னபடி நின்னுட்டேன். ஒரு வலை வீசுனா மணப்பாடு முழுக்க எறாத்தொக்கு வைக்கலாம்.

அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை பொன்மொழி மேடம். நாமக்கல் பக்கம். பெரிய படிப்பு, ஆனா படிப்ப மண்டையில மட்டும் வச்சிருப்பாவ, மொகத்துல வச்சுக்கிட மாட்டாவ. நான் கேட்டேன், “மேடம், இந்த அத்துவானத்துல இதுக திங்கதுக்கு என்ன இருக்கு? ஒரு பாசி இல்ல, ஒரு புல்லு இல்ல.”

இப்ப அவிய கொரலு. நல்லாக் கேட்டுக்கிடுங்க, இதத்தான் பொறவு போன்ல பேசப்போறேன். “ஏனுங்க கொஸ்மாஸண்ணா, அந்தச் சுடுதண்ணி அழுகின முட்டையாட்ட நாறுமுங்க. அந்த நாத்தத்தத் தின்னு பொழைக்கிற கிருமி இருக்குதுங்க, கண்ணுக்குத் தெரியாது. அதை இந்த எறா தன்ற தலைக்குள்ளயே வளத்துதுங்க. தலை ஓடு உப்பிப்போயி இருக்குது பாருங்க, அதுக்குள்ள, வாயச் சுத்தி. அதுதானுங்க அதுக்குத் தோட்டம், அதுதானுங்க சோறு.”

“அப்பம் இதுக தீனி தேடிப் போவவே போவாதா மேடம்?”

“தீனியத் தேடாதுங்கண்ணா. அடுப்பத் தேடுமுங்க.”

எப்படித் தேடும்னு கேளுங்க. மூஞ்சியில கண்ணு கெடையாது. முதுகுல பட்டையா ஒண்ணு இருக்கு. அடுப்பு வாயில நம்ம கண்ணுக்குத் தெரியாத மங்கலா ஒரு வெளிச்சம் இருக்காம், அத முதுகால பாத்து வந்து சேருமாம். “அப்படித்தானுங்க நெனைக்கிறோம், இன்னும் உறுதியாச் சொல்ல முடியலைங்க. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்ததே”ன்னாவ. இன்னொண்ணு சொன்னாவ: “நெம்ப நெருங்கிச்சுன்னா வெந்துபோயிருமுங்க. தள்ளிப் போச்சுன்னா உள்ள இருக்கிற கிருமிக்கு நாத்தத்தண்ணி கெடைக்காது, ரெண்டும் பட்டினிங்க. அதனால வேகாத தூரத்துல, வெலகாம நின்னுட்டே இருக்கோணும்.”

பொறவு ஒரு நத்தை. காலு பூரா இரும்புச் செதிலு. மேடத்துக்கு அதுன்னா உசுரு. “இது மேயறதே இல்லைங்கண்ணா. தொண்டைக்குள்ள ஒரு பையி, பை நெறையக் கிருமி. கிருமி ஆக்கிப் போடும், நத்தை திங்கும். நத்தைக்கு என்ன வேலைன்னா, அதைச் சொமந்துகிட்டுச் சரியான எடத்துல நிக்கிறது. நத்தை மட்டும் சொமக்கலைன்னா இதுக்குள்ள இருக்கிற கிருமிக்கு நாதியில்லைங்க.”

நான் உடனே வின்ச்சுப் பக்கம் ஓடிப்போய், “ஏல தஸ்நேவிசு, நீதாம்ல அந்த நத்தை! உள்ள இருந்து உனக்கு ஆக்கிப் போடுறவன் நாம்ல!”ன்னேன். சிரிச்சான். “ஆமா மக்கா, நான் நத்தைதான்”னான். ஒத்துக்கிட்டான் பாத்துக்கிடுங்க. அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்.

ஆனா எனக்கு மனசு கேக்கல அண்ணாச்சி. நான் சமையக்காரன். பொறந்ததுலருந்து சாவுற வரைக்கும் ருசின்னா என்னன்னே தெரியாம, இருட்டுல நின்னு கிருமியத் தின்னுக்கிட்டு... இதெல்லாம் ஒரு பொழப்பா? அடுப்பு இருக்கு, சமையல் இல்ல. எனக்கு ராத்திரி சோறு எறங்கல.

அப்பத்தான் மேடம் ஒரு சோதனை வச்சிருந்தாவ. கம்பிக்கூண்டுக்குள்ள ஒரு மீன வச்சு, கேமராக் கயித்துலயே கட்டி, அடுப்புலருந்து கொஞ்சம் தள்ளி எறக்கணும். மீன் வாசனைக்கு யாரு வாரா, அடுப்ப விட்டு அசையாம யாரு நிக்கா, அதப் பாக்கணும். இரைக்கான மீனு என் ஃப்ரீசர்ல. “அண்ணா, ஒரு அயிலை எடுத்துக் கூண்டுல கட்டிருங்க. வெறும் மீனு போதுமுங்க, கழுவக்கூட வேண்டாம்”னாவ.

வெறும் மீனு! விருந்தாளிக்கு! முதமுதல்ல மேல இருந்து ஒரு ஆளு கீழ இருக்கவனுக்குச் சாப்பாடு அனுப்புதான், வெறும் மீனையா அனுப்புவான்? நான் என்ன செஞ்சேன், அயிலைய நல்லாக் கீறிவிட்டு, உப்பு, மொளவாத்தூளு, மஞ்ச, கெட்டியாப் புளிக்கரைசலு, வறுத்து இடிச்ச வெந்தயம் ஒரு சிட்டிகை, தடவி ஊற வச்சு, ஒரு துணியில கெட்டிச் சுத்தி உள்ள தொங்க விட்டுட்டேன். மேடம் கேமராவப் பாத்துக்கிட்டு இருந்தாவ, கவனிக்கல. இதுல என்ன தப்பு? உப்புப் போட்டவனுக்குத் தண்டனையா?

கூண்டு எறங்கிட்டு. மத்தியானம். மத்தவன் எல்லாம் சாப்பிடப் போய்ட்டானுவ. மேடம் மட்டும் ஸ்கிரீன் முன்னால. நான் டீ கொண்டுபோன சாக்குல பின்னால நிக்கேன். கல்யாண வீட்டுல மொதப் பந்தி உக்காந்திருக்கும்போது சமையக்காரன் கதவுக்குப் பின்னால நின்னு எட்டி எட்டிப் பாப்பான் பாருங்க, அப்படி.

ஒரு எறா? ஒரே ஒரு எறா வந்துச்சா? வரல. அடுப்பக் கட்டிக்கிட்டு நிக்கி. முதுகக் காட்டிக்கிட்டு நிக்கியேன்னு கோவப்படவும் முடியல, முதுகுலதான கண்ணு! பாத்துட்டேதான் வரல அண்ணாச்சி. நத்தையாவது வருமான்னு பாத்தேன். அது வேற, இரும்புச் செருப்பு போட்டுக்கிட்டு நகருறதுக்கே நாளு பாக்கும் போல.

கடைசியா ஒரு நண்டு வந்துச்சு. வெள்ளை நண்டு. தட்டுத்தடுமாறி கூண்டுகிட்ட வந்து, ஒரு கிள்ளு கிள்ளி வாயில வச்சுச்சு. அது என்ன செஞ்சுச்சு தெரியுமா? கால மூஞ்சியில ரெண்டு தேய்ப்பு தேய்ச்சிட்டு, திரும்பிப் போய்ட்டு.

மேடம், “என்னங்க இது, நண்டு போயிருச்சு? துணிப்பக்கம் செவப்பா என்னமோ கரையுதே”ன்னாவ. நான் கேக்காத மாதிரி நின்னுட்டேன்.

அந்த நேரம் பாத்து கேப்டன் கூப்பிட்டு விட்டாரு, காத்து திரும்புதுன்னு. மேடம் மைக்க எடுத்து வின்ச்சுக்குச் சொன்னாவ: “தஸ்நேவிஸண்ணா, தூக்க ஆரம்பிச்சிருங்க. நான் கேப்டனப் பாத்துட்டு வந்தர்றனுங்க.” சொல்லிட்டு மேல ஏறிப் போய்ட்டாவ. நான் ஸ்கிரீனப் பாக்கேன். பாத்தா அந்த நண்டு! திரும்பி வருது! தனியா இல்ல, பின்னாலயே ரெண்டு மூணு! வீட்டுல போய்ச் சொல்லி ஆளக் கூட்டிட்டு வருது அண்ணாச்சி! மொளவா ஒறைச்சிருக்கும், தண்ணி குடிக்கப் போயிருக்கும், பொறவு ருசி இழுத்திருக்கும். நம்ம ஊருக்கு வார வெளியூர்க்காரனும் மொத நாளு அப்படித்தான்.

இந்த நேரத்துல கூண்டத் தூக்குனா என்ன அர்த்தம்? எலையில உக்காந்தவன் கையப் பிடிச்சு எழுப்புத மாதிரி இல்ல? என் கையி தானா மைக்குக்குப் போச்சு. வாயி தானா மேடத்துக்குப் போச்சு. “ஏனுங்க தஸ்நேவிஸண்ணா, சித்த நேரம் கீழயே இருக்கட்டுங்க. நான் சொல்றப்பத் தூக்கிக்கலாமுங்க.”

“சரிங்க மேடம்.”

கேட்டியளா? ‘சரிங்க மேடம்’. எங்கூட ஓடிப்பிடிச்சு வெளையாடுனவன், நான் ஆடு மாதிரிக் கத்துனாலும் மாடு மாதிரிக் கத்துனாலும் ‘ஏல கொஸ்மாசு’ன்னு கண்டுபிடிக்கவன், மரியாதையா, கையக் கட்டிக்கிட்டு, ‘சரிங்க மேடம்’! என் வாழ்நாள்ல ஒரு கைதட்டு வாங்குனேன்னா அதுதான். மேடை இல்ல, சனம் இல்ல, நானும் ஒரு ஸ்கிரீனும் நாலு நண்டும்.

அதுக்குள்ள கடல் பொரண்டுட்டு. அது என் தப்பா? கப்பல் ஒரு இழுப்பு இழுத்துச்சு. கூண்டு சரிஞ்சு போயி அடுப்புல மோதி, அந்தப் புகைக்கூண்டு அப்படியே ஒடிஞ்சு அதுமேல சாஞ்சுட்டு. ஸ்கிரீன் பூராக் கரும்புகை, எறா நாலாபக்கமும் தெறிக்கி. மேல கயிறு விண்ணுன்னு இழுபடுத சத்தம். தஸ்நேவிஸ் கயித்த அறுத்து விட்டுட்டான். அறுக்கலன்னா வின்ச்சே பேந்து கடலுக்குள்ள போயிருக்கும்னாவ. கேமரா போச்சு, கூண்டு போச்சு, என் அயிலை போச்சு.

மேடம் ஓடி வந்தாவ. இருட்டான ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே நின்னாவ. அழல, கத்தல. “இனி நமக்கு இங்க வர டைம் கெடைக்காதுங்க”ன்னு அந்த ஸ்கிரீன்ட்டச் சொன்னாவ. நாலஞ்சு வருசமா எழுதிப் போட்டுக் கெடச்ச பயணமாம். அதுக்குப் பொறவு என்ட்ட ஒரு வார்த்த பேசல. டீ கொண்டுபோனா ‘வெச்சிருங்க’ மட்டும். ஒரு கூண்டுக்கு இவ்வளவு கோவமா? நானும் அயிலைய எழந்தவன்தான? எறா எனக்குச் செஞ்சது மொத துரோகம், மேடம் ரெண்டாவது. ஆனா அதெல்லாம் சில்லறை. மூணாவதுதான்... இருங்க, தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

சாயங்காலம் கேப்டன் ரூமுக்குக் கூப்பிட்டாரு. நான், தஸ்நேவிஸ், மேடம். மைக்குல பேசுறதெல்லாம் பதிவாவுமாம், எனக்கு எவன் சொன்னான்? போட்டாரு. மேடம் கொரலு வருது. மேடமே முழிக்காவ அண்ணாச்சி! “இது... நான்தானுங்களா?”ன்னு கேப்டன்ட்டக் கேட்டாவ! எனக்கு அந்த எடத்துல புல்லரிச்சுப்போச்சு. பெத்த தாயே பிள்ளைய மாத்திப் பிடிச்ச மாதிரி.

கேப்டன் மலையாளி. அந்த நேரம் மேடம் மேல அவருகூட நின்னது அவருக்குத் தெரியும்லா. என்னத் திரும்பிப் பாத்து, “கொஸ்மாஸே, இது களியல்ல, வெளையாட்டல்ல. கள்ள உத்தரவு குடுத்து வின்ச்சுகாரன ஏமாத்தியதாணெங்கில் நிண்ட காரியம் போலீசுக்கு. பின்னெ ஒரு கப்பலிலும் நீ கால் வெக்கில்லா”ன்னாரு. நான் வாயத் தொறக்கதுக்குள்ள தஸ்நேவிஸ் முந்திக்கிட்டான்.

“ஏமாத்தல சார். அது கொஸ்மாஸ்னு எனக்கு அப்பமே தெரியும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அவன் நிறுத்தல. “அவன் எப்பவும் இப்படி வெளையாடுவான் சார். மேடம் மாதிரி இல்லவே இல்ல. கொரலு பிசிறுச்சு. ஆம்பளைக் கொரல்னு நல்லாத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சேதான் நான் தூக்காம வச்சிருந்தேன். தப்பு என்னுதுதான்.”

பிசிறுச்சாம்! என் கொரலு பிசிறுச்சாம்!

நான் விடுவனா? “பொய் சார்! இவனுக்குத் தெரியாது சார்! சரிங்க மேடம்னான் சார், பதிவுல கேளுங்க! அச்சு அசல் மேடம் கொரலு சார்!”ன்னு கத்துனேன். அந்தப் பய என்ன செஞ்சான் தெரியுமா? என் கால மிதிச்சான். பூட்ஸ் காலோட, நல்லா அழுத்தி. இந்தக் கட்டவெரலு நகம் இப்பதான் மொளைக்கி, பாக்கியளா? வேண்டாமா, சரி. “வலிக்குதுல!”ன்னேன். “வாய மூடுல”ன்னான் பல்லக் கடிச்சுக்கிட்டு. மேடம் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாவ. பொறவு தலையக் குனிஞ்சுக்கிட்டாவ.

கேப்டன் தீர்ப்பு சொல்லிட்டாரு. எனக்கு ஒரு திட்டு, இனிமே மைக்குப் பக்கம் போவக்கூடாது, அவ்வளவுதான். அவனுக்கு, தெரிஞ்சே தப்பு செஞ்ச வின்ச்சுகாரனுக்கு, கொச்சியோட வேல இல்ல.

பாத்தியளா அவன் பொறாமைய? நெசத்தச் சொல்லியிருக்கலாம்லா? ‘கொஸ்மாஸ் கொரல்ல நான் ஏமாந்துட்டேன் சார்’னு ஒரு வார்த்த. வேலயும் நெலச்சிருக்கும், என் பேரும் நெலச்சிருக்கும். என் பேரக் கெடுக்கணும்னு தன் வேலயையே தொலைச்சவன எங்கயாவது பாத்திருக்கியளா? கொச்சி வார வரைக்கும் அவன் தட்டுல நான் கொழம்பு ஊத்தல. வெறும் சோறு. அதையும் குனிஞ்சுக்கிட்டுத் தின்னான். குத்தமுள்ள மனசு, அதான் நிமிரல. இப்பத் தூத்துக்குடியில ஐஸ் ஆலையில ஐஸ்கட்டி ஒடைக்கான். கை பூராப் பொத்துப் போச்சாம். அவன் பொண்டாட்டி மெற்றில்டா கோயில்ல என்னக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிடுதா. புருசன் செஞ்ச துரோகத்துக்கு வெக்கம், வேற என்ன?

எனக்கு நாளைக்கி கொச்சியில கப்பலு. மேடம் இந்தத் தடவ வரலியாம். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்கித் தெரியும்னு சொன்னான்லா, இப்பக் கண்டுபிடிக்கட்டும். என் நம்பர்னா தெரிஞ்சிரும், அதுக்குத்தான் உங்க போன். அவன் நம்பர் எனக்கு மனப்பாடம். எங்க, பழையகாயல் எப்பவோ தாண்டிட்டா? அந்தா தூத்துக்குடி உப்பளமே தெரியுது. குடுங்க. ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்கதான் சாட்சி. மூச்சு விடக்கூடாது.

ரிங் போவுது.

“அலோ? யாரு?”

“ஏனுங்க தஸ்நேவிஸண்ணா, நான் பொன்மொழி பேசறனுங்க.”

“மேடமா? மேடம், நீங்களா? இருங்க இருங்க, இங்க பஸ் ஸ்டாண்டுல ஒரே எரைச்சலு, தள்ளி வாறேன்... சொல்லுங்க மேடம். நல்லாருக்கியளா? உங்க ஆராய்ச்சி... மறுபடி கப்பல் கெடச்சுதா மேடம்?”

பாருங்க அண்ணாச்சி, விழுந்துட்டான்! “கெடைக்கலைங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அன்னைக்கு மைக்கில பேசினது கொஸ்மாஸண்ணன்னு நெசமாலுமே உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?”

“...இது கேப்டனுக்குப் போவாதுல்லா மேடம்?”

“போகாதுங்க.”

“சத்தியமா எனக்குத் தெரியல மேடம். உங்க கொரல்னேதான் நெனச்சேன். ஒரு துளி சந்தேகம் வரல.”

கேட்டியளா! ஒரு துளி! ஒரு துளி சந்தேகம் வரலையாம்! எழுதி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி! ஏன் என்ன அப்படிப் பாக்குதிய? இருங்க, இன்னும் இருக்கு, நல்லா வசமா மாட்டிருக்கான். “அப்புறம் எதுக்குங்க தெரியும்னு பொய் சொன்னீங்க?”

“ஏமாத்துனான்னு ஆயிட்டா போலீஸ்ல குடுத்துருவேன்னு கேப்டன் சொன்னாருல்லா மேடம். தெரியும்னு நான் சொன்னாத்தான் அது வெளையாட்டுன்னு ஆவும். அவன் வேற நடுவுல, நல்லாத்தான் பேசுனேன் நல்லாத்தான் பேசுனேன்னு குதிக்கான். என்ன செய்யச் சொல்லுதிய, கால மிதிச்சேன். பாவம், நகம் பேந்துபோச்சு.”

“...”

“நான் எங்கனயும் பொழச்சுக்கிடுவேன் மேடம். ஐஸ் ஒடைக்கேன், ஒண்ணும் கொறையல. அவனுக்கு அந்த வாய விட்டா வேற ஒண்ணும் இல்ல. கப்பலும் இல்லன்னா செத்துருவான். மேடம், நீங்க இத அவன்ட்ட மட்டும் சொல்லிராதிய. கொரலு பிசிறுச்சுன்னு சொன்னதுல கோவமா இருக்கான். கோவமாவே இருக்கட்டும். தெரிஞ்சா தாங்கிக்கிட மாட்டான்.”

“...”

“இன்னைக்கி அவன் கொச்சி போறான் மேடம். போன எடுக்க மாட்டங்கான். கருவாட்டுப் பொடி இடிச்சுக் கொண்டு வந்திருக்கேன், கப்பல்ல அது இல்லாம அவனுக்கு எறங்காது. ஒவ்வொரு திருச்செந்தூர் பஸ்ஸா பாத்துக்கிட்டு நிக்கேன்... மேடம்? லைன்ல இருக்கியளா மேடம்?”

“...இருக்கேனுங்க.”

“சளி பிடிச்சிருக்கா மேடம்? கொரலு ஒரு மாதிரி பிசிறுதே.”

“ஆமாங்க. சளிதானுங்க. வெச்சர்றனுங்க.”

இந்தாங்க அண்ணாச்சி உங்க போனு. ஈரமாயிட்டு, தொடச்சுக்கிடுங்க.

இல்ல, ஒண்ணுமில்ல. பஸ் ஸ்டாண்டு வந்துட்டுல்லா. அந்தா நிக்கான், நீலச் சட்டை, கையில மஞ்சப்பை. சன்னல் சன்னலாப் பாத்துட்டு வாரான். குனிஞ்சுக்கிடட்டா? குனிஞ்சாலும் கண்டுபிடிச்சுருவான். நீங்க எறங்குங்க அண்ணாச்சி, மொதல்ல நீங்க எறங்குங்க. இல்ல, வேண்டாம், கொஞ்சம் இருங்க. எந்தக் கொரல்ல நான் அவன்ட்டப் பேச? கண்டக்டர் கொரலு வருது, மேடம் கொரலு வருது, கேப்டன் கொரலு வருது. இவ்வளவு நேரம் கூட உக்காந்து கேட்டியல்லா, என் கொரலு எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.